சோதனைத் தரவும் வினாத்தாள் உறையும்

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பகுதிநேரமாக ஆய்வுப் பட்டம் பயில நம்மில் பலருக்கு விருப்பம் உண்டு. நிரல் எழுதத் தெரியும், ஆய்வேடும் எழுதிவிடலாம் என்றுதான் நானும் தொடங்கினேன்.

கையால் எழுதிய தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது என் தலைப்பு. என் மாணவர்களை ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை எழுதச் சொல்லி ஸ்கேன் செய்தேன். படங்களையெல்லாம் கலந்து, பெரும்பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். துல்லியம் நூற்றை நெருங்கியது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சோதனையில் இருக்கும் பிள்ளைகளின் கையெழுத்து பயிற்சியிலும் இருக்கிறதா?"

இருந்தது. வகுப்பில் நடத்திய கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றித் தேர்வில் கேட்டதற்குச் சமம் அது. மதிப்பெண் வரும்; கற்றதற்குச் சான்று ஆகாது.

பிறகுதான் எம்னிஸ்ட் தரவுத் தொகுப்பு உருவான விதத்தைப் படித்தேன். கையால் எழுதிய இலக்கங்களின் படங்கள் அவை: பயிற்சிக்கு 60,000, சோதனைக்கு 10,000. எழுதியவர்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும். முதலில் ஊழியர்களின் எழுத்து பயிற்சிக்கும் மாணவர்களின் எழுத்து சோதனைக்குமாக இருந்தது. ஊழியர்களின் எழுத்து தெளிவானது, மாணவர்களுடையது கடினமானது. எனவே இரு வகையையும் இரண்டு பக்கமும் சரிபாதியாகச் சேர்த்தார்கள். ஆனால் பயிற்சிப் பகுதியில் எழுதிய எவரும் சோதனைப் பகுதியில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

நானும் மாணவர் வாரியாகப் பிரித்து மீண்டும் செய்தேன். துல்லியம் வெகுவாகச் சரிந்தது. முதல் எண்ணையே எழுதியிருந்தாலும் பட்டம் கிடைத்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. இரண்டு எண்களையும் காரணத்தோடு அருகருகே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதிகம் பேசப்பட்டது அந்தப் பக்கம்தான்.

ஆய்வு தொடங்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவை. என்ன விடை வந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை நிரல் எழுதும் முன்பே குறித்துவையுங்கள். சோதனைத் தரவை முதல் நாளே பிரித்து, முத்திரையிட்ட வினாத்தாள் உறைபோல் இறுதிவரை தொடாமல் வையுங்கள். உங்கள் முறையை ஓர் எளிய பழைய முறையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். தோற்றதையும் பதிவு செய்யுங்கள்.

மேல்நிலை வகுப்புச் செயல்திட்டத்திலும் இதே ஒழுங்கைப் பழக்கலாம். "நிரல் ஓடுகிறது ஐயா" என்று பிள்ளை வந்து சொன்னால், "சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.