நீதிமன்றத்திற்குப் படியளப்போர் யார்?



கம்பம் பள்ளத்தாக்கின் கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு நீர்ப்பாய்ச்சி என்பவர் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மடையைத் திறப்பதும் அடைப்பதும், முறை வைத்து வயலுக்கு வயல் நீர் விடுவதும் அவர் பொறுப்பு. அறுவடைக் காலத்தில் ஆயக்கட்டுக்காரர் அனைவரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப அவருக்கு நெல் அளப்பது பழைய வழக்கம். தலைமடைக்காரர் ஒருவர் மட்டுமே படியளப்பதாக வைத்துக்கொள்வோம். கடைமடைக்கு நீர் வந்து சேருமா? சேர்ந்தாலும், அது முறைப்படி வந்ததென்று எவர் நம்புவர்?

போர்க்குற்றங்களை விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றங்களின் செலவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த நீர்ப்பாய்ச்சியின் நினைவே எழுகின்றது. அவற்றின் சட்ட நுணுக்கங்களை ஆராய்வோர் பலர். அங்கே உழைப்போரின் மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் சிலரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க்கிலும் டோக்கியோவிலும் நடந்த விசாரணைகளை வென்ற நாடுகளே நடத்தின. 1993இல் யூகோஸ்லாவியாவுக்கும் 1994இல் ருவாண்டாவுக்கும் அமைந்த நீதிமன்றங்களுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் யாவும் விகிதப்படி பங்கு செலுத்தின. செலவு பெருகவே, பிறகு வந்த சில நீதிமன்றங்கள் நன்கொடையை நம்பி விடப்பட்டன. வினை அங்கேதான் தொடங்கியது.

கம்போடியாவைப் பாருங்கள். 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்கும் நீதிமன்றம் 2006இல் பணியைத் தொடங்கியது. 2013 மார்ச்சு மாதத்தில், பல மாதச் சம்பளம் கிடைக்காத உள்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மொழிபெயர்ப்பாளர் இல்லையேல் சாட்சியின் சொல் நீதிபதியின் செவிக்கு எட்டாதன்றோ? விசாரணை நின்றது. அதே மாதம் 14ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் இயெங் சாரி தீர்ப்பைக் காணாமலே இறந்துபோனார். அவர் முதியவர், நோயாளி. பணம் வந்திருந்தால் தீர்ப்பும் வந்திருக்கும் என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் முதுமை நன்கொடைக்காகக் காத்திராது.

லெபனான் நாட்டின் பொருட்டு அமைந்த நீதிமன்றத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அது போர்க்குற்றத்திற்காக அமைந்ததன்று, கொலைச் சதிகளை விசாரித்தது. எனினும் செலவு முறையில் இவற்றுக்கு உறவானதே. செலவில் 49 விழுக்காடு லெபனானுடையது. எஞ்சியது பிற நாடுகளின் கொடை. லெபனானின் பொருளாதாரம் சரிந்தது. 2021 ஜூன் 16இல் தொடங்கவிருந்த வழக்கு, பணமின்மையால் கைவிடப்பட்டது.

2002 முதல் இயங்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் ஓரளவு நல்ல வழியை மேற்கொண்டது. உறுப்பு நாடுகள் தத்தம் வளத்திற்கேற்பப் பங்கு செலுத்த வேண்டும். இரண்டாண்டுப் பாக்கி வைக்கும் நாடு வாக்குரிமையை இழக்கக்கூடும். ஆயினும் 2005இல் டார்பூரையும் 2011இல் லிபியாவையும் விசாரிக்குமாறு அனுப்பிய பாதுகாப்புச் சபை, செலவை மட்டும் உறுப்பு நாடுகளின் தலையிலேயே வைத்தது. விருந்துக்கு அழைத்தவர் ஒருவர். அரிசி போடுபவர் வேறொருவர்! இந்தியாவும் இலங்கையும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல.

நமக்கு அருகிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. 1886ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று உடன்படிக்கையின்படி 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை என்று எழுதினர். 1970இல் அது 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அணையைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் எத்தனையோ வழக்கு. குத்தகையோ எவர் மனம் இரங்குவதையும் எதிர்பார்த்து நிற்பதன்று. எழுதி வைத்த கடமைக்கும் விரும்பித் தரும் கொடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இலங்கையில் 2009இல் போர் முடிந்தது. வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்புடன் தனி விசாரணை அமைப்பு வேண்டுமென 2015இல் மனித உரிமைச் சபை தீர்மானித்தது, அது அமையவேயில்லை. 2021இல் சான்றுகளைத் திரட்டிக் காக்கும் பணிக்கு வழி செய்யப்பட்டது. அதற்கென மதிப்பிட்ட தொகை 28 இலட்சம் டாலர். அத்தொகையேனும் ஐக்கிய நாடுகள் சபையின் பொது வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது ஆறுதல். நம் தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. ஜெனீவாவில் கோப்புகள் சேர்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்க நீதிமன்றம் இல்லை. சாட்சி சொல்லவல்லவர்களுக்கோ ஆண்டுக்கு ஆண்டு வயது கூடிக்கொண்டிருக்கிறது.