சிவப்பு வட்டம் எங்கே போட வேண்டும்?

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



திரையைப் படம் பிடித்து, அதன்மேல் வட்டமும் அம்புக்குறியும் போட்டு அனுப்புவது நம்மில் பலருக்கும் பழகிய வேலைதான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். கணினியில் விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். இதைக் கற்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கற்கத்தான் நாளானது.

ஏழாம் வகுப்பு, தசம எண்கள் பாடம். 4.5 + 2.35 என்ற கணக்குக்கு ஒரு மாணவி 2.80 என விடை எழுதி, நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். விடையைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம் போட்டேன். "இந்தத் தவறை யாரும் செய்யாதீர்கள்" என்று எழுதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். பக்கத்தின் மேலே அவள் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் முதல் பிள்ளைகள் அவளை "ரெண்டு எண்பது" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் வீட்டுப்பாடம் அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். தனியே அழைத்துக் கேட்டேன். "எம் பேரை மறைச்சிட்டுப் போட்டிருக்கலாமே டீச்சர்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தவறு செய்தது நான்தான் என்று வகுப்பிலும் சொன்னேன்.

பிறகு அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். எண்களை வலது ஓரமாக அடுக்கி, 45-ஐயும் 235-ஐயும் கூட்டுவதுபோல் 280 வரவழைத்து, அதில் புள்ளி வைத்திருந்தாள். முழு எண்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்த முறைதான் அது! தவறு தொடங்கிய இடம் அடுக்கிய இடம். என் வட்டமோ விடையில் இருந்தது. அதனால் அவளுக்கு என்ன பயன்?

அன்றிலிருந்து மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, மாணவர் பெயர் தெரியும் படத்தைப் பகிர்வதில்லை. ஹைலைட்டர் போன்ற கோட்டால் பெயரை மறைத்தால் போதாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடலாம். வெட்டி நீக்கினாலும் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. பிக்சல் கைபேசியிலும் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் வெட்டிய பகுதியை மீட்டெடுக்க வழிவிட்ட பிழை ஒன்று 2023 மார்ச்சில் வெளிவந்து, பின்னர் சரிசெய்யப்பட்டது. எனவே கணக்கை நானே கரும்பலகையில் எழுதிப் படம் எடுக்கிறேன். கையெழுத்தை வைத்துக்கூட யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, தவறு தொடங்கும் இடத்தில் குறியிட்டுக் கேள்வி கேட்கிறேன். "இந்தப் புள்ளிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?" என்று அம்புக்குறியின் அருகில் எழுதினால் போதும். சரியாகச் செய்த இடத்துக்கும் ஒரு பச்சைக் குறி உண்டு.

மூன்றாவது, பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். எந்தக் குறியும் இல்லாத படத்தைத் திறன் பலகையில் காட்டுவேன். குழுவாக வந்து குறியிடுவார்கள். திறன் பலகை இல்லையென்றால் கரும்பலகையும் வண்ணச் சுண்ணக்கட்டியும் போதும்.

சில வாரங்கள் கழித்து அதே வகைக் கணக்கு ஒன்றைக் காட்டினேன். அந்த மாணவியே எழுந்து வந்தாள். முழு எண்கள் இரண்டையும் வட்டமிட்டாள். "இது ரெண்டையும் கூட்டினாலே விடை இதைவிடப் பெரிசா வருது டீச்சர். அப்போ அடுக்கினதுதான் தப்பு" என்றாள்.

வகுப்பு கைதட்டியது. அன்று இரவு அவளுடைய வீட்டுப்பாடம் வந்தது.