ஈலி: சதுப்பு நிலத்தில் ஒரு பேராலய நகரம்

லண்டனிலிருந்து வடக்கே போகிற ரயில் கேம்பிரிட்ஜைத் தாண்டிக் கால் மணி நேரம் ஓடினால் ஈலி வந்துவிடும். ஏறக்குறைய 20,000 பேர் வாழும் சின்ன ஊர்தான். பேராலயம் இருப்பதால் காலங்காலமாக அதற்கு நகரம் என்ற தகுதி.

ஒரு காலத்தில் இது தீவு. சுற்றிலும் நாணல் மண்டிய சதுப்பு, அதில் விலாங்கு மீன். 673-இல் எதெல்திரெடா என்னும் அரசி அரண்மனை வாழ்வைத் துறந்து வந்து இங்கே மடம் அமைத்தார். இன்று நிற்கும் பேராலயத்தை 1083-இல் கட்டத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தில் நல்ல கல் கிடையாது. பீட்டர்பரோ மடத்துக்குச் சொந்தமான சுரங்கத்திலிருந்து கல் வாங்கி, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 8,000 விலாங்கு மீன் கொடுத்தார்கள்!

1322 பிப்ரவரியில் ஓர் இரவு, பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. நிலநடுக்கமோ என்று துறவிகள் பதறினார்கள். கட்டடப் பொறுப்பில் இருந்த துறவி ஆலன், விழுந்த கோபுரத்தை இருந்தபடியே திரும்ப எழுப்பவில்லை. நான்கு தூண்களுக்குப் பதில் எட்டுத் தூண் நாட்டி, நடுவெளியை இன்னும் அகலமாக்கினார். அவ்வளவு அகலத்துக்குக் கல்லால் கூரை போட முடியாது. அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி வந்தார். 63 அடி நீள ஓக் மரங்கள் எட்டைத் தேடிப் பிடித்து, எண்கோண விளக்கு மாடம் ஒன்றை உச்சியில் நிறுத்தினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது அந்தரத்தில் மிதப்பதாகவே தோன்றும். பாரம் தாங்கும் உத்தரங்களை மரக் கூரைக்குப் பின்னே மறைத்துவிட்டார்கள். இடிபாட்டிலிருந்து இப்படி ஒன்றைச் சிந்தித்த துணிவுக்கு இணையாக, இங்கிலாந்தின் பேராலயங்களில் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பக்கத்திலுள்ள மாதா சிற்றாலயத்தில் சிலைகளுக்குத் தலை இல்லை. பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தின்போது உடைத்தவை. பார்க்க மனம் கனக்கும். பதினேழாம் நூற்றாண்டில் அரசரை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட தளபதி ஆலிவர் கிராம்வெல் குடும்பத்தோடு வாழ்ந்த வீடும் நடக்கும் தூரத்தில்தான்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்முய்டன் வாய்க்கால்கள் வெட்டி ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடித்தார். வளமான கருமண் வயல்கள் கிடைத்தன. ஆனால் நீர் வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. பல வயல்கள் இன்று கடல் மட்டத்துக்கும் கீழே. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றால் தண்ணீர் திரும்பிவிடும்.

ஈலிக்குப் போகிறவர்கள் வழிகாட்டியுடன் அந்த விளக்கு மாடத்துக்கு ஏறுங்கள். தேவதூதர்களின் உருவம் தீட்டிய மரக் கதவுகளைத் திறந்து கீழே எட்டிப் பார்க்க விடுவார்கள். கீழே இறங்கும் முன், ஹர்லியின் ஓக் மரங்களைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.