கண் மங்கினாலும் வீட்டில் முடங்க வேண்டாம்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பழக்கமில்லாத எங்களை, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் அழைத்தார்கள். நாங்கள் இந்தப் பங்கைச் சேர்ந்த, பார்வை பாதி போன சிலர். முழு இருட்டும் இல்லை, முழு வெளிச்சமும் இல்லை. அதுதான் எங்கள் சிரமம்.

எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டது. ஒருவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய்விட்டது. குழாய் வழியே பார்ப்பதுபோல் நேரே உள்ளது மட்டும் தெரியும். இன்னொருவருக்கு மூப்பினால் நடுப்பார்வை மறைந்தது. ஓரத்தில் கிடக்கும் பூ தெரியும், எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அது குறை பார்வை என்று 2016ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அதாவது, மற்றவர் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை நாங்கள் 6 மீட்டர் நெருங்கித்தான் படிக்க முடியும்.

இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டோம். கால் தடுக்கினால் செருப்பைக் குறை சொன்னோம். எங்களில் ஒருவர் பூக்கடைப் பக்கம் தம் ஞானத்தாயை முகம் தெரியாமல் கடந்து போய்விட்டார். “வசதி வந்ததும் கண்ணு தெரியலை போல” என்று அந்த அம்மாள் மனம் நொந்தார். ஓர் ஆண்டு பேச்சுவார்த்தை இல்லை. உண்மையாகவே கண் தெரியவில்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் வீட்டுக்கே போய்ச் சொன்னார். இருவரும் அழுதார்கள். இப்போது ஞாயிறு பூசைக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துத்தான் வருகிறார்.

எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பிறகும் கத்தி பிடிக்கக் கையைப் புதிதாகப் பழக்கினார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988 முதல் அது திருநெல்வேலியிலும் இருக்கிறது. கோணிய விரலைப் பழக்க முடியுமானால், மிச்சமுள்ள பார்வையையும் பழக்க முடியும் அல்லவா?

பழக்கினோம். படி விளிம்புகளில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். பாலுக்குக் கறுப்புக் கோப்பை வைத்தோம். உப்பு டப்பாவில் ரப்பர் வளையம் மாட்டினோம். ரூபாய்த் தாளை விரலால் அறிந்தோம்: புதுத் தாள்களில் 100ஐ விட 200 நான்கு மில்லிமீட்டர் நீளம்; 500 அதைவிட நான்கு கூடுதல். விசைத்தறிச் சத்தமும் பூ வாசனையும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லித் தந்தன.

பிறகு சென்ற சாரலுக்குக் குற்றாலம் புறப்பட்டோம். “கண் தெரியாதவங்களுக்கு அருவி எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். தென்காசி வரை ரயில். இளைஞர்கள் முன்னே நடந்தார்கள். நாங்கள் அவர்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டோம். ‘படி ஏறுது’, ‘படி இறங்குது’ என்று அவர்கள் சொன்னது போதுமாயிருந்தது. வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும் இடங்களில் சற்று நின்று, கண் பழகிய பின் நடந்தோம். ஐந்தருவியில் கம்பியைப் பிடித்துத் தலையை நீட்டினோம். அருவி வெள்ளையாகத் தெரிந்தது. மிச்சத்தைக் காதும் முதுகும் பார்த்துக்கொண்டன. எத்தனையோ வருடம் கழித்து அன்று வாய்விட்டுச் சிரித்தோம்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். எங்களைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் கையைத் தாருங்கள். உரக்கக் கத்தாதீர்கள், காது நன்றாகக் கேட்கிறது. கோயிலில் பாட்டு எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டுங்கள். நாற்பது கடந்த மற்றவர்களும் கண் அழுத்தத்தைச் சோதியுங்கள். பெரும்பாலும் அது வலிக்காமலே பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்க மருந்து உண்டு.

பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்ட மனிதர், முழுக் குணம் பெறுமுன் மனிதர்களை நடக்கும் மரங்கள்போல் கண்டதாக மாற்கு எழுதுகிறார். கோயில் முற்றத்தில் நாங்களும் உங்களை அப்படித்தான் காண்கிறோம். மரத்துக்கு வாய் இல்லை; உங்களுக்கு உண்டு. எதிரே வரும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நாங்களும் ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று வெட்கமின்றிச் சொல்கிறோம்.