யார் போட்ட காசு?

(தருமபுரிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



துப்பாக்கியை மட்டும் வச்சு எந்தச் சர்வாதிகாரியும் ரொம்ப நாள் ஆள முடியாது. ஆளப்படுகிறவர்களின் சம்மதமும் வேண்டும். அது எங்கிருந்து வருதுன்னு எங்க தாத்தாகிட்டதான் நான் கத்துக்கிட்டேன்.

பாலக்கோடு பக்கம் அவர் பண்ணையாள். அவங்கப்பா வாங்கின கடனுக்கு இவர் உழைச்சார். 1975 அக்டோபரில் அவசரச் சட்டத்தின் மூலம் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தில் அதுவும் ஒண்ணு. "அந்தம்மா இருந்ததாலதான்டா நான் மனுசனானேன்"னு சாகுறவரைக்கும் சொல்லுவார். நெருக்கடி நிலையைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேச விடமாட்டார்.

அவர் ஏமாளியில்ல. அவர் தினம் பார்த்த சர்வாதிகாரி பண்ணைக்காரன்தான். பேச்சுரிமை போச்சுன்னு படிச்சவங்க அழுதாங்க. சேரிக்கு அது என்னைக்கு இருந்தது? பக்கத்து எசமானை அடக்குகிற தூரத்து எசமானை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். 1977 தேர்தலில் இந்திரா ரேபரேலியிலேயே தோற்றார். தமிழ்நாட்டிலோ காங்கிரசும் அ.தி.மு.க.வும் இருந்த அணி 39க்கு 34 இடங்களில் வென்றது. எம்.ஜி.ஆர். செல்வாக்கும் கூட்டணிக் கணக்கும் அதில் உண்டு. தாத்தா மாதிரி ஆளுங்களோட நன்றியும் உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த நன்றிக்கு விலை என்ன? காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போட முடியாதுன்னு 1976 ஏப்ரல் 28ல் உச்சநீதிமன்றமே சொல்லிடுச்சு. கொத்தடிமையின் கட்டை அவிழ்த்த கைதான் எல்லார் வாயையும் கட்டியது. வரமாகக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? அரசியலில் பக்தி வீழ்ச்சிக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று 1949 நவம்பர் 25ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்.

நான் வங்கியில குமாஸ்தா. 2023 ஜூலையில் நம்ம தொப்பூரில்தான் மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த அரசு கொடுத்த பணம். இதைச் சர்வாதிகாரம்னு நான் சொல்லல. ஆனா பணம் வந்த மாசம் ஒரு அம்மா கேட்டாங்க: "மகராசன் போட்ட காசு வந்துடுச்சா சாமி?"

"உங்க காசு வந்துடுச்சும்மா"ன்னேன். நம்பாம சிரிச்சாங்க.

பேர்லயே 'உரிமை' இருக்கு. வாயில வரல. கொடுத்தவனைக் கும்பிடுற பழக்கம் இருக்குற வரைக்கும் அடுத்த சர்வாதிகாரிக்கு நாற்காலி தயார். அந்தம்மா "என் காசு வந்துடுச்சா?"ன்னு கேட்கணும். நம்ம வேலை அங்கதான் இருக்கு.