தற்கொலையைத் தடுக்க நச்சியல் எவ்வாறு உதவுகிறது?

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில், தடய அறிவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்துப் பேர் சந்தோஷமாகக் கூடியிருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அரசு தடய அறிவியல் கூடத்தில் பல வருஷங்கள் விஷங்களைப் பரிசோதித்தவன் நான். எங்களிடம் வந்த பாட்டில்கள் எல்லா ஜாதியாரின் வீடுகளிலிருந்தும் வந்தன. நம்முடையவர் வீடுகளும் அதற்கு விலக்கல்ல. 2022-ல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது.

இந்தத் துறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1849-லேயே சென்னையில் ‘கெமிக்கல் எக்ஸாமினர்’ ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. பின்னர் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் நகரங்களிலும் அமைந்தன.

சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை நடக்கும். பிரேத பரிசோதனை செய்யும் டாக்டர் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் இவற்றின் பகுதிகளையும் ரத்தத்தையும் எங்களுக்கு அனுப்புவார். என்ன விஷம், எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் வேலை. உடலில் ஒரு மருந்து இருந்தது என்பதாலேயே அதனால்தான் இறந்தார் என்று சொல்லிவிட முடியாது. வயதானவர் ரத்தத்தில் தூக்க மாத்திரை காணப்பட்டால், அது டாக்டர் எழுதிக் கொடுத்த அளவாகவே இருக்கலாம். மேலும், சில மருந்துகள் மரணத்திற்குப் பின் உறுப்புகளிலிருந்து இதயத்தை ஒட்டிய ரத்தத்தில் கசிந்து, அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் தொடை நாளத்து ரத்தத்தையே நாங்கள் விரும்புவோம். மறதியால் இரண்டு வேளை மருந்தை ஒரே வேளையில் சாப்பிட்டாரா, வேறு யாராவது கொடுத்தார்களா என்பதையெல்லாம், வீட்டார் சொல்லும் விவரத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஆனால் வீட்டார் சொல்வதில்லை. மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். டம்ளரை அலம்பி வைத்துவிடுவார்கள். சம்ஸ்காரம் தாமதமாகும், போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். அவர்கள் வேதனை புரிகிறது. எனினும் உண்மை தெரியாத வீட்டில் சந்தேகம் தங்கிவிடும். பிள்ளை மருமகளைச் சந்தேகிப்பான். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுவிடும். விஷமே இல்லை என்று ஆய்வுக்கூடம் சொல்லும் ஒரு வரி, நிரபராதி ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.

மறைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எந்தப் பொருளால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கு சேர்ந்தால்தான் அரசு நடவடிக்கை எடுக்க முடியும். நம் அண்டை நாடான இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு ஏறக்குறைய 47. பெரும்பாலும் பூச்சிமருந்துகளே காரணம். அவற்றில் மிகக் கொடிய வகைகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விளைச்சலும் அதனால் குறையவில்லை. இங்கிலாந்தில் 1998-ல், சாதாரண வலி மாத்திரை ஒன்றை ஒரே தடவையில் நிறைய விற்கக் கூடாது என்று விதித்தார்கள். அதனால் நேர்ந்த மரணங்களும் கணிசமாகக் குறைந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிஷங்களிலேயே தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தங்குகிறது. ‘சாக நினைப்பவர் எப்படியும் செத்துவிடுவார்’ என்ற பேச்சு தவறு.

நம் வீட்டு அலமாரியைப் பாருங்கள். போன தாத்தாவின் மருந்துகள்கூட டப்பாவில் இருக்கும். தேவையற்றதை அப்புறப்படுத்துங்கள், மற்றதைப் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வாழும் பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இது அவசியம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்திவிட்டாரா என்றும் கவனியுங்கள். இறந்தவரின் ரத்தத்தில் அவர் சாப்பிட வேண்டிய மருந்தே இல்லாததும் எங்களுக்கு ஒரு தகவல்தான். ஆனால் அது தாமதமாக வரும் தகவல்.

ஏதாவது நேர்ந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கேஸ் வரும் என்று பயப்பட வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை.

மனம் கஷ்டப்படும் யாரும், எந்த ஊரிலிருந்தும், 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் பேசலாம். அதற்கு முன்பே, ஆத்தில் யாராவது வாடிப்போயிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். கேட்பதால் விபரீத எண்ணம் புதிதாக வந்துவிடாது.