பூமலையில் பழகிய கண்

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நாம் பூமலை என்றுதான் சொல்கிறோம். எம்ஆர்டி நிலையத்துப் பலகையிலும் அதே பெயர். போய்ப் பார்த்தால் மலை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, சில மேடுகள்தான். 1859-ல் தொடங்கி, 2015-ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான இடம் அது. மெதுவோட்டத்துக்கும் திருமணப் படம் எடுக்கவும் போகிறவர்களே அதிகம். அங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

நம் தேசிய மலரிலிருந்து தொடங்குகிறேன். வாண்டா மிஸ் ஜோக்கிம் தாவரவியல் அறிஞர் யாரும் உருவாக்கிய பூ அல்ல. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் பிறந்த கலப்பினம். அதை அவர் பூமலைக்குக் கொண்டுபோய் இயக்குநர் ஹென்ரி ரிட்லியிடம் காட்டினார். 1893-ல் ரிட்லி அதை உலகுக்கு அறிவித்தார். 1981-ல் அது தேசிய மலரானது. மகரந்தத்தைச் சேர்த்தது அந்த அம்மையாரா, ஏதோ ஒரு வண்டா என்று பிற்காலத்தில் நீண்ட விவாதம் நடந்தது. பூவைக் கையில் வாங்கிப் பார்த்த ரிட்லி, இனக்கலப்பு செய்தவர் அவரே என்று அப்போதே எழுதிவிட்டார். எனக்கு அது போதும்.

ஜோக்கிம் அம்மையார் செய்தது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியவேண்டுமானால் ஆர்க்கிட் விதையைப் பார்க்க வேண்டும். ஒரு காயைப் பிளந்தால் முகப்பவுடர் போலக் கொட்டும். அந்தத் துகளுக்குள் சேமித்த உணவு என்று எதுவும் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகர் கூழில், கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள், பூஞ்சையில்லாமலே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கர் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். பூமலையில் இருந்த ஹோல்டம் என்ற தாவரவியலாளர் அந்த முறையை இங்கே கொண்டுவந்து, ஆர்க்கிட் இனக்கலப்பை ஒரு மரபாகவே வளர்த்தார். ஜோக்கிம் அம்மையாரின் காலத்தில் குடுவை ஏது? தாய்ச்செடியின் வேரடியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதே அன்றைய ஆர்க்கிட் பிரியர்களின் வழக்கம். முளைத்தால் முளைத்தது.

ரிட்லியின் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பூமலையில் நின்ற ரப்பர் மரங்களின் பட்டையையும் அதே பொறுமையோடு பார்த்தவர். அதே காயத்தை மறுநாளும் மெல்லச் சீவினால் பால் கூடுதலாக வடிகிறது, மரமும் சாகவில்லை என்று கண்டுகொண்டார். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டப் போனதற்கு வேர் அந்தப் பூமலை மரங்களில் இருக்கிறது. அழகான தோட்டம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

செடி வளர்ப்புக்கு அடுத்து நான் உயர்வாக மதிப்பது தாவரப் படம் வரைவது. கைப்பேசியில் ஒரு நொடியில் எடுக்கலாமே என்பீர்கள். ஒளிப்படத்தில் அன்றைக்கு மலர்ந்த பூ மட்டும்தான் இருக்கும். மொட்டு, விரிந்த பூ, குறுக்கே வெட்டிய சூலகம், காய், விதை எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைகிறவர்தான் கொண்டுவர முடியும். ரிட்லி இதற்கென்றே இலங்கையிலிருந்து சார்ல்ஸ் டி அல்விஸ் என்ற ஓவியரை வரவழைத்து வைத்திருந்தார். பூமலையின் கேலப் (Gallop) பகுதியில் உள்ள பழைய பங்களாவில் 2021-லிருந்து தாவர ஓவியக் கூடம் இயங்குகிறது, போய்ப் பாருங்கள். பிறகு வீட்டில் ஒரு செம்பருத்தியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு அமர்ந்திருப்பதும், மகரந்தத் தாள்கள் சேர்ந்து ஒரு குழலாகி அதன் வழியே சூல்தண்டு வெளியே வருவதும் பென்சில் பிடித்த பிறகுதான் கண்ணில் படும். பூசைக்கு எத்தனை வருடமாகப் பறிக்கிறோம்!

எல்லாப் பொழுதுபோக்கையும் இப்படிப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடிப் புட்டிக்குள் தோட்டம் அமைக்கும் வகுப்பு ஒன்றுக்கு எங்கோ போயிருந்தேன். வண்ண மணல், குட்டிப் பொம்மை, நடுவே சதைப்பற்றுள்ள பாலைவனச் செடி. இரண்டு மணி நேரத்தில் முடிந்து, கையோடு எடுத்துவந்தேன். மூடிய புட்டியின் ஈரத்தில் பாலைவனச் செடி எத்தனை நாள் தாங்கும்? இரண்டே வாரத்தில் அழுகிவிட்டது. அங்கே பன்னமோ பாசியோ வைத்திருந்தால் அது வேறு கதை. அழகுக்கு எது பொருந்தும் என்று சொல்லித்தந்தார்கள். செடிக்கு எது பொருந்தும் என்று சொல்லவில்லை.

நானும் பெரிய தோட்டக்காரன் இல்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் கறிவேப்பிலையும் துளசியும் நன்றாகவே வளர்கின்றன. தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், கொசுவுக்கு இடமில்லை. ஆசைப்பட்டு அங்கே மிஸ் ஜோக்கிமையும் வைத்தேன். பென்சில் தடிமனில் இலையும் தண்டும், பச்சைப்பசேல் என்று ஓங்கி வளர்ந்தது. மூன்று ஆண்டுகள் ஒரு பூகூட இல்லை. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், நுனி ஊன்றுகோலைத் தாண்டி உயர்ந்த பிறகுதான் தாராளமாகப் பூக்கும் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் நடைபாதையில் காலை இரண்டு மணி நேரம்தான் வெயில்.

போன மாதம் அதன் நுனியை, காற்றில் தொங்கும் வேர்களோடு வெட்டி, செய்தித்தாளில் சுற்றிப் பேருந்தில் எடுத்துக்கொண்டு போய், தரைவீட்டில் இருக்கும் என் அக்காவிடம் கொடுத்தேன். வேலி ஓரம், நல்ல வெயிலில் ஊன்றியிருக்கிறார். “கோல் எவ்வளவு உயரம் வைக்கட்டும்டா?” என்று கேட்டார். “குட்டையாவே வைங்கக்கா” என்றேன்.